ஆழ்கடலும் என் பழைய விடைத்தாளும்

(ஒரு முன்னாள் மாணவர், பி.எஸ்ஸி. விலங்கியல், 1974–77)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், உங்க செட்டிலேருந்து ஒரு கட்டுரை கண்டிப்பா வேணும். ஹாஸ்டல் சாம்பார், கேன்டீன் வடை பத்தி ஏற்கெனவே ஏழு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்க சப்ஜெக்ட்ல ஏதாவது எழுதுங்க சார்" என்றார் அந்தத் தம்பி. வடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதத் தயாராக இருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "சரிப்பா" என்று சொல்லி வைத்தேன்.

பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துழாவியபோது கையில் கிடைத்தது 1977 மார்ச்சில் எழுதிய மாடல் தேர்வு விடைத்தாள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. எங்கள் பேராசிரியரின் சிவப்பு மை மட்டும் மங்கவில்லை. கடல் வாழ் உயிரினங்கள் பற்றிய கட்டுரை வினாவுக்கு 10க்கு 9. பக்கத்தில் 'நன்று' என்று ஒரு சொல். அவரிடம் 9 வாங்குவது என்றால் சும்மா இல்லை. எங்கள் வகுப்பில் விசாரித்துப் பாருங்கள்.

விடையின் கடைசி வரிகள் இவை: "உலகிலுள்ள எல்லா உயிர்களும் முடிவாகச் சூரிய ஒளியையே நம்பி வாழ்கின்றன. ஒளி புகாத ஆழ்கடலின் தரை ஏறக்குறைய ஒரு பாலைவனம். மேலிருந்து விழும் மிச்சம் மீதியை உண்டு சில உயிர்கள் மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன."

தோழர்களே, நான் எழுதியது தப்பு. அந்த வரிகள் தப்பு என்பதற்கான சாட்சியை நான் தேர்வு எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே, 1977 பிப்ரவரி 17ஆம் தேதி, பசிபிக் கடலின் அடியில் மூன்று பேர் நேரில் பார்த்துவிட்டார்கள். சேதி நம் ஊர் வந்து சேரத்தான் நாளாயிற்று. இதனால் எனக்கு ஏற்பட்ட ஒரு கடனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்ல வேண்டும்.

முதல் 'இல்லை'

எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1841–42இல் 'பீக்கன்' என்ற கப்பலில் ஏஜியன் கடலில் சுற்றினார். தரையைச் சுரண்டி வரும் வலையைப் பல ஆழங்களில் இறக்கிப் பார்த்தார். ஆழம் கூடக்கூட வலையில் வரும் உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் எட்டியது 230 பாகம், அதாவது சுமார் 420 மீட்டர். அந்தக் கணக்கை அப்படியே நீட்டி, 300 பாகத்துக்குக் கீழே, சுமார் 550 மீட்டருக்கு அப்பால், உயிரே இருக்காது என்று முடிவு கட்டினார்.

ஃபோர்ப்ஸ் சாமானியமான ஆள் இல்லை. கடலின் ஆழங்களை மண்டலங்களாகப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர். 39 வயதிலேயே, 1854இல், காலமாகிவிட்டார். அவர் இறங்கிப் பார்த்த ஏஜியன் கடல் இயற்கையிலேயே சத்துக் குறைந்த கடல். அங்கே கண்டதை உலகக் கடலுக்கெல்லாம் பொதுவாக்கியதுதான் கோளாறு. பெரிய ஆள் சொன்னதால் ஊரும் நம்பியது. அத்தனை அழுத்தம், குளிர், இருட்டு; அங்கே எது வாழும் என்று எல்லோருக்கும் தோன்றியது.

இதில் வேடிக்கை, மறுக்கும் சாட்சி அதற்கு முன்பே இருந்தது. 1818இல் வட அட்லாண்டிக்கின் பாஃபின் விரிகுடாவில் ஜான் ராஸ் என்ற மாலுமி ஆழம் பார்க்க விட்ட கயிற்றில், ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து ஒரு நட்சத்திர மீன் வகை சிக்கி வந்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1860இல் இன்னொன்று. மத்தியதரைக் கடலில் சார்டினியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே போட்டிருந்த தந்திக் கம்பி அறுந்தது. ரிப்பேருக்காகச் சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தபோது, கம்பியிலேயே ஒட்டி வளர்ந்த பவள வகைகளும் சிப்பிகளும் சேர்ந்து வந்தன. கயிற்றில் வழியில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று 1818இல் சொல்லித் தப்பிக்கலாம். கம்பியில் வேர்விட்டு வளர்ந்ததை என்ன சொல்ல?

சேலஞ்சரும் இன்வெஸ்டிகேட்டரும்

இதற்குப் பின்தான் வைவில் தாம்சன் என்ற பேராசிரியர் விடாப்பிடியாக நின்றார். 1868, 1869ஆம் ஆண்டுகளில் சிறிய கப்பல்களில் சோதனை நடந்தது. 1869இல் 'பார்க்குபைன்' கப்பல் 4,400 மீட்டர் ஆழத்திலிருந்தே உயிர்களை வாரி வந்தது. அடுத்து 1872 டிசம்பரில் 'சேலஞ்சர்' புறப்பட்டது. பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்த போர்க்கப்பல் அது. 1876 மே மாதம் திரும்பும் வரை சுமார் 69,000 கடல் மைல் சுற்றியது. 360க்கும் மேற்பட்ட இடங்களில் நின்று சணல் கயிற்றால் ஆழம் பார்த்தது, வலை இழுத்தது. ஒரு தடவை வலை இறங்கி ஏற ஒரு பகல் முழுக்க ஆகும். வெயிலில் நின்று கயிறு இழுத்த மாலுமிகளுக்கு எங்கள் புராக்டிக்கல் வகுப்புப் போலவே சலித்துப் போயிருக்கும்.

கிடைத்தவற்றில் அறிவியலுக்குப் புதிய இனங்கள் மட்டும் சுமார் 4,700. அறிக்கை 50 தொகுதிகள். கடைசித் தொகுதி வந்தது 1895இல். அதற்குள் தாம்சன் இறந்துபோனார். ஜான் மர்ரே என்பவர் முடித்து வைத்தார். 300 பாகம் என்ற எல்லைக்கோடு இருந்த இடம் தெரியாமல் அழிந்தது.

சேலஞ்சர் நம் பக்கம் வரவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து தெற்கே பனிக்கடலுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அந்தக் குறையைத் தீர்த்தது 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற நீராவிக் கப்பல். கடற்கரையை அளப்பதுதான் அதன் வேலை. கப்பலின் டாக்டரே ஓய்வு நேரத்தில் உயிரியல் ஆய்வாளர். அப்படி 1888 முதல் 1892 வரை இருந்தவர் ஆல்காக். அவர் 1899இல் வெளியிட்ட இந்திய ஆழ்கடல் மீன்களின் பட்டியலும், 1902இல் எழுதிய பயண நூலும் இன்றும் ஆய்வாளர் புரட்டும் புத்தகங்கள். மாத்திரை கொடுக்கும் வேலைக்கு நடுவே நம் கடலின் அடியை உலகுக்குக் காட்டியவர் அவர்.

அப்புறம் 1951இல் டென்மார்க்கின் 'கலத்தியா' பிலிப்பைன்ஸ் பள்ளத்தில் 10,190 மீட்டர் ஆழத்திலிருந்து கடல் அட்டை, கடல் சாமந்தி, சிப்பி எல்லாம் உயிர்ப்பொருளாகக் கொண்டுவந்தது. 1960 ஜனவரி 23இல் ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் 'ட்ரியெஸ்ட்' கலத்தில் மரியானா பள்ளத்தின் அடிவரை, ஏறக்குறைய 10,900 மீட்டர், இறங்கி ஏறினார்கள். ஆக, 'உயிரே இல்லை' போய், 'உயிர் உண்டு, ஆனால் கொஞ்சம். அதுவும் சூரியன் போட்ட எச்சில் சோறு' என்பது பாடமாயிற்று. நான் எழுதி 9 வாங்கியது இந்தப் பாடத்தைத்தான்.

முட்டை நாற்றத்தில் ஒரு தோட்டம்

1977 பிப்ரவரியில் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே 'ஆல்வின்' என்ற மூவர் கலம் சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. கடல் தரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று பார்க்கப் போன புவியியல்காரர்கள் அவர்கள். உயிர்கள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூடக் கிடையாது.

சுற்றிலும் தண்ணீர் 2 டிகிரி. ஒரு பிளவிலிருந்து வெதுவெதுப்பான நீர் கசிகிறது. அதைச் சுற்றிப் பெரிய பெரிய சிப்பிகள், நண்டுகள், பிறகு பார்த்த ஊற்றுகளில் சிவப்புத் தலையோடு ஆள் உயரத்துக்குக் குழாய்ப் புழுக்கள். ஆழ்கடல் பாலைவனம் என்றுதானே சொல்வார்கள் என்று கீழிருந்தவர் மேலே கப்பலில் இருந்த மாணவியிடம் கேட்டாராம். பிடித்த உயிர்களைப் பாடம் செய்யப் போதுமான பார்மலின் கப்பலில் இல்லை. பனாமாவில் வாங்கியிருந்த ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள். நம் மியூசியத்தில் பார்மலின் நெடியில் கண் எரிந்த யாருக்கும் இந்த விஷயம் பிடிக்கும்.

அந்தக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பின்னே எப்படிச் சாப்பிடுகிறது? பெரிய பெரிய ஆட்கள் திணறிக்கொண்டிருந்தபோது விடை சொன்னவர் கொலீன் கவனாஃப். அப்போது அவர் ஹார்வர்டில் ஒரு மாணவி. புழுவின் உடம்புக்குள் பாக்டீரியா குடியிருக்கிறது, அதுதான் சமைத்துப் போடுகிறது என்றார். 1981இல் அது அச்சேறியது. ஊற்று நீரில் வரும் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அந்தப் பாக்டீரியா உணவு தயாரிக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு தெரியுமில்லையா? கெமிஸ்ட்ரி லேபில் கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து வந்து மூன்று வருஷம் நம்மை மூக்கைப் பொத்த வைத்த அதே அழுகிய முட்டை நாற்ற வாயு. நாம் எதை நுகர்ந்து வெளியே ஓடினோமோ, அதில்தான் அங்கே ஒரு தோட்டமே வாழ்கிறது.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் மேலே செடிகளும் பாசிகளும் சூரிய ஒளியில் விட்டதுதான். எனவே சூரியனுக்கும் அதில் பங்கு உண்டு. என் விடை முழுத் தப்பு இல்லை, பாதித் தப்பு. பேராசிரியர் இன்று இருந்தால் 9ஐ 5 ஆக்கியிருப்பார்.

என் கடன்

எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து 1980இல் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். என் விடையைத்தான் வருஷா வருஷம் பாடமாக நடத்தினேன். பையன்களும் எழுதினார்கள், நானும் 'நன்று' போட்டேன். 1986இல் ஒரு சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்தில் பழைய ஆங்கில அறிவியல் இதழ் ஒன்றைப் புரட்டியபோது குழாய்ப் புழுவின் படம் கண்ணில் பட்டது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அன்று ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் போர்டில் படம் போட்டு, "போன மாசம் நான் நடத்தினது தப்பு, திருத்திக்குங்க" என்றேன். பையன்களுக்கு ஒரே குஷி, வாத்தியார் தப்பு என்று அவரே சொல்கிறாரே! கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், அப்ப இதுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போன அண்ணனுங்களுக்கு யார் சார் சொல்றது?"

"உட்காருடா" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. ஆறு வருஷம், ஆறு செட். 2014இல் ஓய்வு பெறும் வரை அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

மூன்றாவது 'இல்லை'

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே 'இல்லை' மறுபடியும் காதில் விழுகிறது.

சேலஞ்சர் 1873லேயே கடல் தரையிலிருந்து கறுப்பு உருண்டைகளை வாரி வந்தது. உருளைக்கிழங்கு அளவு, உள்ளே மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட். 'நாட்யூல்' என்பார்கள். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நூறு வருஷம் அது மியூசியப் பொருளாகவே இருந்தது. 1960களில் அதற்கு விலை பேச ஆரம்பித்தார்கள். 1967 நவம்பரில் மால்டா நாட்டுத் தூதர் அர்விட் பார்டோ, யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரை மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று ஐ.நா.வில் பேசினார். 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் அது இடம்பெற்றது. 1994இல் ஜமைக்காவில் சர்வதேசக் கடல்தரை ஆணையம் தொடங்கியது.

நம் நாடும் பின்தங்கவில்லை. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1981 ஜனவரி 26ஆம் தேதி 'கவேஷணி' கப்பலில் அரபிக் கடலிலிருந்து முதல் நாட்யூல்களை எடுத்தார்கள். 1987இல் முன்னோடி முதலீட்டாளர் என்ற தகுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் ஆய்வுப் பங்கு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தை உருவாக்கியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம்மவர் இருவர் பிரெஞ்சுக் கலத்தில் பயிற்சிக்காக அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 5,000 மீட்டரையும் தாண்டினார். படித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை ஒரு பக்கம். இந்த உருண்டைகளை வார நினைப்பவர்களில் சிலர், 'அங்கே என்ன இருக்கு, வெறும் சேறுதானே' என்கிறார்கள். வெறும் சேறா?

1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சுமார் 11 சதுர கிலோமீட்டர் வட்டத்தில் கலப்பை போன்ற கருவியால் உழுதார்கள். சுரங்கம் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை. நம் வயலில் உழுத தடம் அடுத்த மழைக்கு இருக்காது. 26 வருஷம் கழித்து 2015இல் போய்ப் பார்த்தால், நேற்று உழுதது போல் சால் அப்படியே கிடந்தது. உருண்டையில் ஒட்டி வாழும் உயிர்கள் திரும்பி வரவில்லை. அதே பகுதியில் ஓர் ஆக்டோபஸையும் கண்டார்கள். உருண்டைமேல் வளர்ந்து செத்த கடற்பஞ்சின் தண்டில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. உருண்டை போனால் பஞ்சு இல்லை. பஞ்சு இல்லையென்றால் முட்டை வைக்க இடமில்லை.

இந்தியப் பெருங்கடலிலும் நம் விஞ்ஞானிகள் 1997இல் இப்படி ஒரு சோதனை செய்தார்கள். எடுப்பதற்கு முன் விளைவைப் பார்ப்போம் என்ற அந்த எண்ணம் நல்ல எண்ணம். அதைச் சொல்லியாக வேண்டும்.

நம் கடலுக்கே உரிய இன்னொரு பிராணி உண்டு. 2001இல் இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்று ஒன்றில் ஒரு நத்தையைக் கண்டார்கள். அதன் காலில் ஓடு போட்டாற்போல் இரும்பு சல்பைடு செதில்கள்! கவசம் தரித்த படைவீரன் போல இருக்கும். அதற்கும் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாதான் சோறு போடுகிறது. 2019இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆழ்கடல் சுரங்கம் வரக்கூடும் என்ற காரணத்தால் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பிராணி அதுவே. ஒரு ஊற்று என்பது சில ஊற்றங்கரை வீடுகள் மாதிரி. இடித்தால் பக்கத்து ஊர் வெகுதூரம்.

பாதுகாப்புப் பக்கமும் வேலை நடக்கிறது. எந்த நாட்டுக்கும் சேராத கடலின் உயிர்வளத்தைக் காக்க 2023 ஜூனில் ஐ.நா.வில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 60 நாடுகள் ஒப்பியதும், 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. நடுக்கடலிலும் சரணாலயம் அமைக்க இனி வழி உண்டு. சுரங்கத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டிருக்கின்றன. வெட்டி எடுப்பதற்கான விதிகள் 2025 கூட்டத்திலும் முடிவாகவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

நான் சுரங்கமே கூடாது என்று கொடி பிடிக்கிறவன் இல்லை. பாட்டரிக்குக் கோபால்ட் வேண்டும், நிக்கல் வேண்டும். தரையில் தோண்டினாலும் காடும் ஊரும்தான் அழிகிறது. அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ நேராகக் கண்டது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. ஃபோர்ப்ஸ் 420 மீட்டர் வரை பார்த்துவிட்டு மிச்சத்துக்குத் தீர்ப்பு எழுதினார். நாம் அதைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டு எழுதப் போகிறோமா?

பசிபிக்கில் நாட்யூல் அதிகம் கிடக்கும் பகுதியில் இருக்கும் உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்று 2023இல் கணக்கிட்டார்கள். பெயர் வைக்க ஆள் வேண்டும். டாக்ஸானமி என்றால் இப்போதைய பசங்க முகம் சுளிப்பதாகக் கேள்வி. நாங்களும் சுளித்தவர்கள்தான். ஆனால் பெயரில்லாத உயிர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் இல்லாததை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. பள்ளிக்கரணைக்கும் கோவாவுக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நம் கல்லூரியிலிருந்து நாலு பேர் போனால் எனக்குச் சந்தோஷம். குழாய்ப் புழுவின் ரகசியத்தைச் சொன்னதும் ஒரு மாணவிதான் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக என் கடன். 1980 முதல் 1986 வரை என்னிடம் பிளஸ் டூ படித்தவர்களில் பலர் பிறகு இந்தக் கல்லூரியில்தான் சேர்ந்தார்கள். இன்று அவர்களுக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கும். சிலர் பேரன் பேத்தியோடு இந்த விழாவுக்கு வருவார்கள். இந்த மலரும் அவர்கள் கைக்குப் போகும். தம்பிகளா, நான் அன்று நடத்தினது தப்பு. ஆழ்கடல் பாலைவனம் இல்லை. சூரியனைப் பார்க்காமலே அங்கே தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் பழைய நோட்டு இன்னும் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டின்போது விலங்கியல் துறை வராந்தாவில் இருப்பேன். அந்த விடைத்தாளையும் கொண்டு வருகிறேன். வந்து பாருங்கள்.